கடைசி மார்க்

வெள்ளத்துரை அண்ணாச்சி ஒரு சேலையைப் பார்த்து முடிக்க நாற்பது நொடி ஆகும். நான் கடிகாரம் வைத்துப் பார்த்திருக்கிறேன். ஒருமுறை முப்பத்தெட்டு, ஒருமுறை நாற்பத்தைந்து. நாற்பது என்று எழுதுவதில் பெரிய தவறு இருக்காது என்று நினைக்கிறேன்.

எங்கள் கடை தறித் தெருவில் இருக்கிறது. கடை என்றால் சில்லறைக்கு விற்கிற கடை இல்லை. முதலாளி தறிக்காரர்களுக்கு நூல் கொடுப்பார். அவர்கள் விசைத்தறியில் நெய்து சேலையாகக் கொண்டுவருவார்கள். வந்த சேலையை ஜன்னலோரக் கம்பியில் போட்டு இழுத்து, வெளிச்சத்தில் குறை பார்ப்பது அண்ணாச்சியின் வேலை. இழை விட்டிருந்தாலோ, எண்ணெய் தெறித்திருந்தாலோ, ஓரம் சுருங்கியிருந்தாலோ அந்த இடத்தில் சிவப்பு நூலை முடிந்து இடது பக்கம் போடுவார். அது டேமேஜ். வலது பக்கம் விழுகிற சேலைகளை நான் மடித்து லேபிள் ஒட்டுவேன். பகலில் எனக்கு இதுதான் வேலை. சாயங்காலம் ஆறு மணிக்குக் கம்ப்யூட்டர் சென்டரில் டேலி கணக்கு வகுப்பு. வீடு அண்ணாச்சி வீட்டுக்கு அடுத்த வீடு.

ஆனி பிறந்து காற்று ஆரம்பித்திருந்தது. குற்றாலத்தில் சாரல் என்று ஊரெல்லாம் கிளம்பிப் போகும். எங்களுக்கு அந்தச் சாரலின் காற்று மட்டும்தான் வந்து சேரும். கரிசல் புழுதியை அள்ளிக்கொண்டு வரும் என்பதால் ஜன்னலைத் திறந்தால் சேலை அழுக்காகும். மூடினால் அண்ணாச்சிக்கு வெளிச்சம் போதாது. பாதி திறந்துவைத்து, என்னை அந்தப் பாதியில் ஒரு அட்டையைப் பிடித்து நிற்கச் சொல்லுவார்.

அப்படி நான் நின்றுகொண்டிருந்த ஒரு நாள்தான் தறிக்காரர் பேச்சிராஜா சேலைக் கட்டோடு வந்தார். பன்னிரண்டில் மூன்று இடது பக்கம் போயிற்று.

"வே, கொஞ்சம் கண்ணை மூடிக்கிட்டுப் பாருமே. இந்தக் கறையை எந்தப் பொம்பளை பாக்கப்போறா? கொசுவத்துக்குள்ள போயிரும்."

"கொசுவத்துக்குள்ள போறதை எனக்கு எதுக்குக் கொண்டாந்து காட்டுதீரு? உம்ம வீட்டுக்காரிக்குக் குடும். அவ கொசுவத்துல வச்சிக்கிடட்டும்."

"அவ உம்மளவிட மோசம். வீட்டுலயே கழிச்சிப் போட்டுருவா." பேச்சிராஜா சிரித்துக்கொண்டே உட்கார்ந்தார். "அது கெடக்கு. பிள்ளையை எங்கன சேக்கிய? மேட்டுக் காலேஜா, ஆத்தங்கரையா?"

அந்த மாதம் எங்கள் தெருவில் எல்லாரும் அண்ணாச்சியிடம் கேட்ட கேள்வி அது. மகள் அனு பிளஸ் டூவில் நான்கு முக்கியப் பாடங்களுக்கு நானூறுக்கு 349 எடுத்திருந்தாள். பி.எஸ்ஸி. கெமிஸ்ட்ரிக்கு இரண்டு கல்லூரிகளில் விண்ணப்பம் போட்டாயிற்று. இரண்டும் திருநெல்வேலிப் பக்கம். இரண்டுக்கும் யாரோ பெரியவர்களின் பெயர்கள் உண்டு. ஆனால் மேட்டில் இருப்பது மேட்டுக் காலேஜ், ஆற்றங்கரையில் இருப்பது ஆத்தங்கரைக் காலேஜ். கபடியில் ஒன்று மற்றதிடம் தோற்றால், தோற்ற காலேஜ் பையன்கள் மறுநாள் வேறு பஸ்ஸில் போவார்கள் என்று சொல்வார்கள்.

"எது கஷ்டமோ அதுல," என்றார் அண்ணாச்சி.

"படிக்கவா?"

"சேர. எங்கன இடம் கிடைக்கது கஷ்டமோ, அதுதான் நல்ல காலேஜ். நூறு சேலைல நான் இருவதைக் கழிக்கேன். அந்த முக்குக் கடையில ரெண்டைக் கழிக்கான். மதுரை வியாபாரி யாரு சேலையை வாங்குதான்? காலேஜும் அப்படித்தான். கழிக்கிற இடத்துல நிக்கதுதான் சரக்கு."

"கழிச்ச சரக்கை நான் என்ன செய்ய, அதைச் சொல்லும் மொதல்ல," என்றார் பேச்சிராஜா, தம் மூன்று சேலைகளை மடித்தபடி.

எங்கே இடம் கிடைப்பது கஷ்டம் என்று கண்டுபிடிக்கும் வேலையை அண்ணாச்சி எனக்குக் கொடுத்திருந்தார். அவருக்கு என் கையெழுத்தின் மேல் நம்பிக்கை. கம்ப்யூட்டர் சென்டரில் நான்கு சாயங்காலம் உட்கார்ந்து தேடினேன். மேட்டுக் காலேஜ்க்காரர்கள் பழைய பட்டியல்களை எங்கும் வைத்திருக்கவில்லை. அங்கே படித்தவர்கள் அறிவிப்புப் பலகையைப் படம் பிடித்துப் போட்டிருந்தார்கள். அதிலிருந்து எடுத்தேன். ஆத்தங்கரைக் காலேஜோ, சேர்ந்தவர்களின் பட்டியலை இணையதளத்திலேயே போட்டிருந்தது. கடந்த ஐந்து வருடத்துக்கும் கெமிஸ்ட்ரியில் கடைசியாக இடம் கிடைத்தவரின் மார்க் என்ன என்று ஸ்கேல் வைத்துக் கோடு போட்டு எழுதினேன். மேட்டில் 352-க்குக் கீழே ஒரு வருடமும் இறங்கவில்லை. ஆற்றங்கரையில் 322-க்கு மேலே ஒரு வருடமும் ஏறவில்லை. அண்ணாச்சி அந்தத் தாளை வாங்கி, வீட்டில் காலண்டருக்குக் கீழே ஒட்டிவைத்தார்.

புதன்கிழமை இரண்டு கல்லூரியிலிருந்தும் பட்டியல் வந்தது. மேட்டுக் காலேஜில் அனுவுக்கு இடம் கிடைத்துவிட்டது. இந்த வருடம் 348 வரை எடுத்திருந்தார்கள். சனிக்கிழமை மதியம் பன்னிரண்டுக்குள் ஒரிஜினல் டி.சி.யைக் கொண்டுபோய்க் கொடுக்க வேண்டும். கொடுத்துவிட்டால் திரும்ப வாங்குவது லேசில் நடக்காது. ஒருவருக்கு ஒரு டி.சி.தான். ஆத்தங்கரைப் பட்டியலில் அனு பெயர் இல்லை. காத்திருப்பில் பதினான்காவதாக இருந்தாள். அடுத்த பட்டியல் திங்கட்கிழமை.

வியாழக்கிழமை சாயங்காலம் வகுப்பு இல்லை. அண்ணாச்சியின் மனைவி கனகலட்சுமி மயினி உளுந்தஞ்சோறு வைத்திருப்பதாகச் சொல்லி என்னைச் சாப்பிடக் கூப்பிட்டாள். தோலோடு உடைத்த கறுப்பு உளுந்து, பூண்டு, தேங்காய்த் துருவல். தொட்டுக்கொள்ள எள்ளுத் துவையல். அண்ணாச்சி சந்தோஷமாக இருந்தார். பேச்சிராஜாவுக்கும் முதலாளிக்கும் சொல்லிவிட்டாராம்.

"இன்னுங் கொஞ்சம் துவையல் வையி. சனிக்கிழமை காலைல ஏழே முக்கால் பஸ். நீயும் வாறியாட்டி எப்சி?"

"எனக்குக் கடை இருக்குல்லா அண்ணாச்சி."

அனு சோற்றைப் பிசைந்துகொண்டே இருந்தாள். வாயில் வைக்கவில்லை.

"ஏட்டி, சாப்பிடு. உளுந்து ஆறுனா கல்லாட்டம் ஆயிரும்," என்றாள் மயினி.

"எனக்கு ஆத்தங்கரை காலேஜ்தான் வேணும்," என்றாள் அனு.

அண்ணாச்சி நிமிர்ந்து காலண்டருக்குக் கீழே பார்த்தார். "322-க்குச் சீட்டுக் குடுக்கிறவன்கிட்டயா?"

"ஆமா."

"ஏன், அங்கன என்ன இருக்கு?"

"விண்ணப்பம் குடுக்கப் போன அன்னைக்கு ரெண்டு லேபும் பாத்தேன்லா. மேட்டுல ஒரு மேசைக்கு நாலு பேரு. ஒருத்தி செய்யுதா, மூணு பேரு நோட்டுல எழுதுதா. ஸ்கூல்லயும் நான் ரெண்டு வருசம் எழுதிக்கிட்டுத்தான் இருந்தேன். ஆத்தங்கரையில ஆளுக்கு ஒரு பியூரெட்டு. மொத வருசப் பிள்ளைகளே தனியாச் செய்யுதாங்க."

"மேட்டுல இடமே கிடைக்காம ஊரெல்லாம் அலையுதான். உனக்கு வீட்டு வாசல்ல வந்து நிக்கி. உனக்குக் கண்ணாடிக் குழாய் வேணுமாக்கும்."

"அவளுக்குத்தானே வேணும். நீங்களா போய்ப் படிக்கப்போறிய?" என்றாள் மயினி.

"நீ சும்மா இரி. கழிச்ச சேலையைக் கட்டிக்கிட்டுப் போறவளுக்குத் தெரியும் அது கொசுவத்துல எங்கன குத்தும்னு." அண்ணாச்சி கையைக் கழுவ எழுந்தார். பாதியில் நின்று என் பக்கம் திரும்பினார். "ஏட்டி எப்சி. ஒண்ணு கேக்கணும்னு நெனச்சேன். உன் கணக்குப்படி அவன் 322-க்கு எடுக்கான். பின்ன 349-ஐ ஏன் காத்திருப்புல போட்டிருக்கான்?"

"இந்த வருசம் எல்லாரும் நல்ல மார்க் எடுத்திருப்பாங்க அண்ணாச்சி," என்றேன்.

"அப்போ மேட்டுலயும் ஏறியிருக்கணும்லா? அங்கன எறங்கியிருக்கே."

"இருக்கும் அண்ணாச்சி. பாக்கேன்."

சனிக்கிழமை டி.சி. போகிறது என்று சொல்லிவிட்டு அவர் தெருவுக்குப் போனார். அனு தட்டை எடுத்துக்கொண்டு எழுந்தாள். ஒரு பருக்கைகூடக் குறையவில்லை.

வெள்ளிக்கிழமை முழுக்க லேபிளை ஒட்டிக்கொண்டே அந்தக் கேள்வியை யோசித்தேன். இரண்டு லேபிளைத் தலைகீழாக ஒட்டினேன். சாயங்காலம் வகுப்பில் பக்கத்து நாற்காலியில் ஷமீரா இருந்தாள். கடையநல்லூர்ப் பெண், கல்யாணமாகி எங்கள் ஊருக்கு வந்தவள். மேட்டுக் காலேஜில் கெமிஸ்ட்ரி முடித்தவள் என்று தெரியும். ஏன் அவளிடம் முன்பே கேட்கவில்லை என்று எனக்கு இப்போதும் விளங்கவில்லை. தாளில் இருக்கும்போது ஆளிடம் எதற்குக் கேட்பது என்று நினைத்திருக்கிறேன்.

"உங்களுக்கு எத்தனை மார்க்குக்கு இடம் கிடைச்சிச்சு?"

"எனக்கா? 319."

என் தாளில் அவள் சேர்ந்த வருடத்துக்கு 355 என்று இருந்தது. "சும்மா சொல்லாதீங்க."

"அல்லா மேல சத்தியமா. அஞ்சாவது லிஸ்ட்டுல்லா நான். வாப்பா துபாய்ல இருந்து தெனம் ஃபோன் போடுவாங்க, வந்திச்சா வந்திச்சான்னு. காலேஜ் தொறந்து பதினஞ்சு நாள் கழிச்சிப் போனேன். எனக்கும் பின்னாடி ரெண்டு பேரு வந்தாளுக."

"அஞ்சு லிஸ்ட்டா?"

"மொத லிஸ்ட்டுல வாரவங்க பாதிப்பேரு இன்ஜினியரிங், நர்சிங்குன்னு போயிருவாங்கள்லா. எறங்கி எறங்கித்தான் வரும். எல்லா காலேஜ்லயும் அப்படித்தானே."

அப்போதுதான் எனக்குப் புரிந்தது. அறிவிப்புப் பலகையில் படம் பிடித்தது எல்லாம் முதல் பட்டியல். முதல் நாள்தான் கூட்டம் இருக்கும், முதல் நாள்தான் படம் எடுப்பார்கள். ஐந்தாவது பட்டியலை யார் படம் பிடித்துப் போடுவார்கள்? ஆற்றங்கரையில் நான் எடுத்ததோ எல்லாரும் சேர்ந்து முடிந்த பிறகு போட்ட கடைசிப் பட்டியல். ஒன்றின் தலையையும் இன்னொன்றின் வாலையும் பக்கத்தில் பக்கத்தில் எழுதி, ஸ்கேல் வைத்துக் கோடு போட்டிருக்கிறேன்.

ஷமீரா அவள் தோழி ஒருத்தியைக் கூப்பிட்டுக் கேட்டாள். அவள் ஷமீராவுக்கு அடுத்த வருடம் சேர்ந்தவள். கடைசியாகச் சேர்ந்த பெண்ணுக்கு 321. ஆத்தங்கரைக் காலேஜ் அலுவலக எண்ணில் கூப்பிட்டேன். கிளம்பிக்கொண்டிருந்த ஒரு குமாஸ்தா சலிப்போடு ஏதோ நோட்டைப் புரட்டி, போன வருட முதல் பட்டியல் 356-இல் நின்றது என்றார். மேட்டில் போன வருடம் 354. முதலோடு முதல், கடைசியோடு கடைசி வைத்துப் பார்த்தால் இரண்டு கல்லூரிக்கும் ஒரு நூலிழைதான் வித்தியாசம். நூலிழையும் ஆற்றங்கரைப் பக்கம்தான் கூடுதல்.

வீட்டுக்குப் போகும்போது அண்ணாச்சி வாசலில் நின்று சட்டையைத் தேய்த்துக்கொண்டிருந்தார். வெள்ளைச் சட்டை. "என்னட்டி, வகுப்பு முடிஞ்சிதா?" என்றார். "முடிஞ்சிது அண்ணாச்சி," என்றேன். சொல்லவில்லை. ஷமீராவின் தோழி தவறாகச் சொல்லியிருக்கலாம், குமாஸ்தா வேறு பாடத்தைப் பார்த்திருக்கலாம் என்று எனக்குள்ளே காரணங்கள் சொல்லிக்கொண்டேன். சொன்னால் அவர் பேச்சிராஜாவிடம், முதலாளியிடம் என்ன சொல்லுவார் என்றும் நினைத்தேன். எந்தக் காரணம் உண்மைக் காரணம் என்று எனக்குத் தெரியவில்லை.

சனிக்கிழமை காலை ஏழு மணிக்குப் போனேன். அண்ணாச்சி தேய்த்த சட்டையில் இருந்தார். டி.சி. ஒரு பிளாஸ்டிக் உறையில், அதற்கு மேல் ஒரு துணிப்பை. அனு தலைவாரி, பூ வைக்காமல் உட்கார்ந்திருந்தாள்.

"வா எப்சி. காப்பி குடிக்கியா?" என்றாள் மயினி.

"அண்ணாச்சி, நான் போட்ட கணக்குத் தப்பு," என்றேன்.

முழுவதும் சொன்னேன். இரண்டு தடவை சொல்ல வேண்டியிருந்தது. முதல் தடவை எனக்கே குழம்பியது. புதிதாக எழுதிய தாளைக் கொடுத்தேன். இரண்டு வருடங்களுக்குத்தான் ஒப்பிடும்படி கட்டங்கள் நிரம்பியிருந்தன. மற்றவற்றில் 'தெரியவில்லை' என்று எழுதியிருந்தேன். அண்ணாச்சி காலண்டருக்குக் கீழே இருந்த பழைய தாளையும் கிழித்தெடுத்து, இரண்டையும் ஜன்னல் பக்கம் கொண்டுபோய்ப் பிடித்துப் பார்த்தார். நாற்பது நொடிக்கு மேல் ஆயிற்று.

"எத்தனை தப்பு?"

"ஒரே தப்புதான். ஆனா அஞ்சு வருசத்துலயும்."

"தறி அச்சுல ஒரு பல்லு ஒடஞ்சா அப்படித்தான். சேலை முழுக்கக் கோடு விழும்." அவர் குரல் உயரவில்லை. "நீ லேபிள் ஒட்டுதப்ப இப்படிப் பண்ணுனதில்லையே."

"இல்ல அண்ணாச்சி."

"நேத்து ராத்திரியே தெரியுமா?"

"சாயங்காலமே தெரியும்."

மயினி என்னைப் பார்த்தாள். அண்ணாச்சி நாற்காலியில் உட்கார்ந்தார். துணிப்பையை மடியில் வைத்துக்கொண்டார்.

"ரெண்டும் ஒண்ணுன்னா, எதை வச்சுப் பாக்கதுக்கு?" என்றார். யாரிடமும் இல்லை.

"எதை வச்சாவது பாருங்க. மொதல்ல பிள்ளையைக் கேளுங்க," என்றாள் மயினி. "மூணு நாளா அவ சோறு திங்கல. நீங்க தாளைப் பாத்துக்கிட்டு இருக்கிய."

அண்ணாச்சி அனு பக்கம் திரும்பினார். தறிக்காரர்களிடம் பேசுகிற குரலில் கேட்டார். "ஆத்தங்கரையில என்ன கொறை? நல்லதைச் சொல்லாத. கொறையைச் சொல்லு."

அனு யோசிக்கவே இல்லை. "காலேஜ் பஸ் நம்ம ஊருக்கு வராது. ஆறு பத்துக்கு டவுன் பஸ்ஸப் பிடிச்சு, ஜங்ஷன்ல மாறணும். திரும்பி வர ஏழு ஆயிரும். கேன்டீன் பேருக்குத்தான் இருக்கு. லேப் ஓட்டுக் கூரை, ஒரு மூலையில ஒழுகுது, வாளி வச்சிருக்காங்க. ஃபிசிக்ஸுக்கு ஒரு வாத்தியார் ரிட்டையர் ஆயிட்டாரு, இன்னும் ஆள் போடல. பாத்ரூம் ரொம்ப தூரம்."

"எல்லாத்தையும் பாத்தியா?"

"பாத்ரூமுக்குப் போனேன்லா."

மயினி சிரித்துவிட்டாள்.

"திங்கக்கெழமை பேரு வரலன்னா?" என்றார் அண்ணாச்சி.

"மூணாவது லிஸ்ட்டுப் பாப்போம்."

"அதுலயும் வரலன்னா? மேட்டுச் சீட்டு இன்னைக்குப் பன்னிரண்டு மணிக்குப் போயிரும். பெறவு அழுதாலும் வராது."

"வரலன்னா ஒரு வருசம் உங்க கடையில வந்து லேபிள் ஒட்டுதேன். எப்சிக்காவைவிட நேரா ஒட்டுவேன்."

எனக்கு அது தேவைதான் என்று நினைத்தேன்.

ஏழே முக்கால் பஸ் தெருமுனையில் ஹார்ன் அடித்துவிட்டுப் போவது வீட்டுக்குள் கேட்டது. அண்ணாச்சி எழுந்திருக்கவில்லை. கொஞ்ச நேரம் கழித்து டி.சி. உறையை எடுத்து மயினியிடம் கொடுத்தார். "பீரோல வையி. தண்ணி படாம வையி," என்றார். பிறகு அதே வெள்ளைச் சட்டையோடு கடைக்குக் கிளம்பினார்.

அன்று கடையில் அவர் வழக்கம்போலக் குறை பார்த்தார். பன்னிரண்டு மணிக்குக் கோயில் மணி அடித்தபோது கையில் ஒரு ஊதாச் சேலை இருந்தது. மணி நிற்கும்வரை அதைக் கம்பியில் பிடித்தபடி நின்றார். பிறகு வலது பக்கம் போட்டார். நான் மடிக்கும்போது பார்த்தேன்: முந்தியில் ஒரு விரல் நீளத்துக்கு இழை விட்டிருந்தது. மூன்று வருடத்தில் அவர் கண்ணுக்குத் தப்பி நான் பார்த்த முதல் குறை. அதை இடது பக்கம் மாற்றிவைத்தேன். கொஞ்ச நேரத்தில் அவரே வந்து அதில் சிவப்பு நூலை முடிந்துவிட்டுப் போனார்.

ஞாயிற்றுக்கிழமை காற்று அதிகம். மயினி வடாம் போட்டு, புழுதி விழுந்து, தட்டித் துடைத்து எடுத்தாள். அண்ணாச்சி இரண்டு தடவை பீரோவைத் திறந்து பார்த்தார் என்று அனு சொன்னாள்.

திங்கட்கிழமை ஐந்து மணிக்குப் பட்டியல் போடுவதாகச் சொல்லியிருந்தார்கள். கம்ப்யூட்டர் சென்டரில் நானும் அனுவும் ஷமீராவும் ஒரே திரை முன்னால் உட்கார்ந்தோம். ஐந்தே கால் வரை திறக்கவில்லை. திறந்தபோது பதினான்கு பெயர் இருந்தது. நான் மேலிருந்து கீழே விரல் வைத்துப் படித்துக்கொண்டு வந்தேன். அனு கீழேயிருந்து படித்தாள் போலிருக்கிறது. நான் நான்காவது பெயருக்கு வரும் முன்பே என் தோளைப் பிடித்துவிட்டாள். பதினான்காவது பெயர் அவளுடையது. 349.

"அல்ஹம்துலில்லா," என்றாள் ஷமீரா. "ரெண்டாவது லிஸ்ட்டுலயே வந்துட்டா. எனக்குத்தான் அஞ்சு."

நான் அந்த எண்ணையே பார்த்துக்கொண்டிருந்தேன். ஆத்தங்கரைக் காலேஜ், கெமிஸ்ட்ரி, இந்த வருடம், இரண்டாம் பட்டியல், கடைசி மார்க் 349. நான் ஸ்கேல் வைத்துக் கோடு போட்ட கட்டங்களில் இருந்த எண்ணெல்லாம் இப்படி ஒரு சாயங்காலம் யாருடைய தோளையோ யாரோ பிடித்த எண்தான் போலிருக்கிறது.

செவ்வாய்க்கிழமை அண்ணாச்சியும் அனுவும் போய் டி.சி.யைக் கொடுத்துவிட்டு வந்தார்கள். புதன்கிழமை பேச்சிராஜா கட்டோடு கடைக்கு வந்தார். இந்தத் தடவை பன்னிரண்டில் இரண்டு.

"என்ன வே, மேட்டுச் சீட்டை விட்டுட்டியளாமே? தெருவெல்லாம் பேசுதான். ஆத்தங்கரையில எவன் போனாலும் இடம் உண்டுன்னு நீர்தானே சொன்னீரு?"

அண்ணாச்சி கம்பியில் கிடந்த சேலையை ஒருமுறை இழுத்துப் பார்த்தார். வலது பக்கம் போட்டார்.

"யாரு சொன்னா? எங்க வீட்டுக்குத்தான் கடைசிச் சீட்டு. எம் பிள்ளைக்குப் பெறவு ஒருத்தர் கிடையாது. கதவைச் சாத்திட்டான்."

"அப்படியா!" என்றார் பேச்சிராஜா. உண்மையிலேயே ஆச்சரியப்பட்டார்.

அண்ணாச்சி என்னைப் பார்த்தார். "கேளும், அவகிட்டக் கேளும். கணக்கு அவகிட்ட இருக்கு."

மூன்றாவது பட்டியல் வெள்ளிக்கிழமை வருகிறது. நான்காவதும் வரலாம். 349 நிச்சயம் இறங்கும்.

"ஆமா அண்ணாச்சி," என்று பேச்சிராஜாவிடம் சொல்லிவிட்டு, அடுத்த சேலையை மடிக்க எடுத்தேன்.